புதுச்சேரியில் சைக்கிளில் வேலைக்குப் போக எவ்வளவு தூரம் வரை சரிப்படும்?

வீடு முருங்கப்பாக்கம், வேலை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, ஒரு வழிக்கு 9 கி.மீ., கையில் இருப்பது கியர் இல்லாத 28 அங்குலச் சைக்கிள். தினமும் போய் வர முடியுமா, மற்றவர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

முடியும். ஆனால் இந்த ஊரில் 9 கி.மீ. எல்லாத் திசையிலும் ஒரே 9 கி.மீ. இல்லை, உங்களுக்கு வாய்த்திருப்பது கொஞ்சம் கடினமான திசை. அதற்கு ஏற்ற மாதிரி வண்டியில் இரண்டு மூன்று மாற்றங்கள் செய்தால் வருஷம் முழுக்க ஓட்டலாம்.

முதலில் மற்றவர்கள் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விவசாயமும் வீட்டுத்தொழிலும் தவிர்த்த மற்ற வேலைகளுக்குப் போகிறவர்களிடம் எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டது. நாடு முழுவதும் நூற்றுக்குச் சுமார் 13 பேர் சைக்கிள் என்றார்கள். என் கணக்கில், புதுச்சேரி டவுனுக்குள் சைக்கிளில் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வழித் தூரம் 2 முதல் 6 கி.மீ. தான். முத்தியால்பேட்டையிலிருந்து நேரு வீதிக் கடைகளுக்கு வருபவர், லாஸ்பேட்டையிலிருந்து ஜிப்மருக்குப் போகிறவர், அரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்கு வருபவர் எல்லாம் இந்த வட்டத்துக்குள் வருவார்கள். அடுத்த வட்டம் 8 முதல் 12 கி.மீ. வில்லியனூர், காலாப்பட்டுப் பல்கலைக்கழகம், கடலூர்ப் பக்கம் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓ.டி. என்கிற முதுநகர் தாண்டி சிப்காட் எல்லாம் இதில் அடங்கும். பழகிய கால்களுக்கு இது கஷ்டமே இல்லை. அதற்கு மேல் போனால் ஆசையை விட நேரம் முந்திக்கொள்ளும்.

அதனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிஷத்தில் கணக்குப் போடுங்கள். டவுனுக்குள் சிக்னல், வண்டி நெரிசல் எல்லாம் சேர்த்து சராசரி வேகம் மணிக்கு 12 கி.மீ. தேறும். தடையில்லாத சாலையில் 15 முதல் 17. உங்கள் வழியில் மரப்பாலத்திலிருந்து நூறடிச் சாலை, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை வரை நெரிசல், வழுதாவூர் சாலையில் ஓரளவு ஓட்டம். சராசரி 13 என்று வைத்தால் சுமார் 42 நிமிஷம். எதிர்க்காற்று நாளில் 50. என் கணக்கில் ஒரு வழிக்கு 45 நிமிஷம்தான் தினசரி சைக்கிளின் எல்லை. நீங்கள் அந்த எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள், ஆகவே சின்னச் சின்ன விஷயங்களும் உங்களுக்கு முக்கியம்.

எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம் காற்று. நம் ஊர் சமதளம், மேடு என்று பெயர் வைத்த கோரிமேட்டிலும் ஆரோவில் செம்மண் ஏற்றத்திலும்தான் காலுக்கு ஏற்றம் தெரியும். மற்ற இடங்களில் ஏற்றத்தின் வேலையைக் காற்றே செய்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் மேற்கிலிருந்து மேல்காற்று, மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று. வில்லியனூரிலிருந்து டவுனுக்கு வருகிறவருக்குக் காலையில் முதுகில் காற்று, மாலையிலும் முதுகில் காற்று. உங்களைப் போலக் கடலோரப் பக்கம் குடியிருந்து மேற்கே வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வேளையும் முகத்தில். வில்லியனூர்க்காரருக்குக் குறை ஒன்றுதான், போகவும் வரவும் வெயில் கண்ணில் அடிக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. வடக்கே காலாப்பட்டுக்குப் போகிறவர்களுக்கு மார்கழி வாடை காலையில் எதிரே வரும், சித்திரையில் மாலைத் தெற்குக் காற்று எதிரே வரும்.

இதன் அளவு இவ்வளவு: காற்றில்லாத நாளில் 15 கி.மீ. வேகத்தில் போனால் உடம்பின் மேல் 15 கி.மீ. காற்று படும். எதிரே 10 கி.மீ. காற்று வீசினால் 25. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறுவதால் அதே வேகத்தில் போகக் கிட்டத்தட்ட 2.8 மடங்கு தடையைத் தள்ள வேண்டும். கியர் இல்லாத வண்டியில் இதற்கு வழி கிடையாது என்று நினைத்துத்தான் பலர் இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வழி இருக்கிறது, அது பிரீவீல், பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரம்.

உங்கள் வண்டியில் முன்பல் 44, பின்னால் பிரீவீல் 18 பல் இருக்கக்கூடும், எண்ணிப் பாருங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.3 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் 19 கி.மீ. வேகம். எதிர்க்காற்றில் அந்த வேகம் வராது, அப்போது மிதி 40, 45 சுற்றுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு மிதியிலும் முழு எடையும் முட்டியில் ஏறும். முட்டி வலிக்குத் தூரத்தை விட இந்தக் கனத்த மிதிதான் காரணம். 22 பல் பிரீவீல் மாட்டுங்கள். சுற்றுக்கு 4.3 மீட்டர், 60 சுற்றுக்கு 15.6 கி.மீ. அதுதான் நம் சாலையில் உண்மையில் ஓடும் வேகம். செயினில் ஒரு ஜோடிக் கண்ணி கூட்ட வேண்டியிருக்கும். 20 பல் என்றால் பின்சக்கரத்தை ஃபோர்க்கில் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினாலே பெரும்பாலும் போதும். எந்தச் சைக்கிள் கடையிலும் அரைமணி வேலை. தேய்ந்த பழைய செயினைப் புதுப் பிரீவீலில் போடச் சொல்லாதீர்கள், பல் வழுக்கும். செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஸ்கேலை வைத்து 24 கண்ணி அளங்கள். சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அரைக்கால் அங்குலம் கூட வந்தால் செயின் முடிந்தது.

அடுத்தது சீட்டு உயரம். நம் ஊரில் பத்துக்கு எட்டு வண்டியில் சீட்டு தாழ்ந்திருக்கும், நிற்கும்போது இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்பதற்காக. 2 கி.மீ.க்கு அது போதும், 9 கி.மீ.க்கு ஆகாது. சுவரைப் பிடித்துச் சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் வரும்போது கால் முழுசாக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தில் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். முட்டியின் முன்புறம் வலித்தால் சீட்டு தாழ்வு, பின்புறம் வலித்தால் உயரம். ஒரு நேரத்தில் அரை அங்குலத்துக்கு மேல் மாற்றாதீர்கள்.

தினம் 18 கி.மீ. ஓடும் பழைய பாணி வண்டியில் முதலில் பேசுவது காட்டர் பின், அதாவது பெடலைத் தாங்கும் கிராங்கை நடு ஆக்சிலோடு பிணைக்கும் ஆப்பு. மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’ என்று சின்னதாக ஒரு சத்தம், காலுக்குக் கீழே கிராங்க் ஒரு நூல் அளவு நழுவுகிற உணர்வு. உடனே பாருங்கள். இரண்டு கிராங்கையும் கிடைமட்டமாக வைத்து இரண்டு பெடலையும் கையால் அழுத்தினால் தளர்ந்த பக்கம் தனியே அசையும். பலர் செய்யும் தவறு, நட்டை மட்டும் இறுக்குவது. நட்டு பின்னைப் பிடித்து வைக்கத்தான், உள்ளே இழுக்க அல்ல. அப்படி இறுக்கினால் மரைதான் போகும். கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கி, அதன் பிறகு நட்டை முறுக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுக்க உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகளில் இறங்கும். புதுப் பின் போட்டால் 20, 30 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி அடித்து இறுக்குங்கள். அலட்சியம் செய்தால் சின்னச் சாமானில் முடிகிற வேலை கிராங்கும் ஆக்சிலும் மாற்றுகிற வேலையாகும்.

டயர் காற்று வாரம் ஒருமுறை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு அடியுங்கள். விரலால் அமுக்கிப் பார்ப்பது கணக்கில்லை, 9 கி.மீ.யில் தளர்ந்த டயர் எதிர்க்காற்றைப் போலவே இழுக்கும். பழைய வால்வு என்றால் பெட்ரோல் பங்க் குழாய் பொருந்தாது, வீட்டில் ஒரு பம்பு வேண்டும். பஞ்சரே இல்லாமல் இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்று இறங்கினால் டியூபைக் கழற்றும் முன் வால் டியூபை, அதாவது வால்வுக்குள் மாட்டியிருக்கும் மெல்லிய ரப்பர் குழாயைப் பாருங்கள். வால்வு வாயில் ஒரு சொட்டு எச்சில் தடவினால் குமிழி வரும். வெயிலில் அந்த ரப்பர் இற்றுப்போகும், மாற்ற இரண்டு நிமிஷம். இரண்டு மூன்று அங்குலத் துண்டு ஒன்று எப்போதும் பர்ஸில் இருக்கட்டும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பஞ்சர் ஆனால் ஒட்டுப் போட்டவர் மேல் பழி போடாதீர்கள். லாரிகள் போகும் சாலையில் வெடித்த டயர்களிலிருந்து சிதறும் மெல்லிய கம்பித் துணுக்கு முடி மாதிரி இருக்கும், ரப்பருக்குள் மறைந்து நிற்கும். தொழிற்பேட்டைச் சாலைகளில் இது அதிகம். டயரின் உள்பக்கத்தைத் துணியால் வட்டமாகத் துடைத்து வாருங்கள், கம்பி இருக்கும் இடத்தில் துணியின் நூல் மாட்டும். வெறும் விரலை ஓட்டினால் விரல்தான் கிழியும். ஓரமாகப் போகிறேன் என்று மண்ணில் இறங்கி ஓட்டினால் சீமைக்கருவேல முள் காத்திருக்கும். தார் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே ஓட்டுவது டயருக்கும் நல்லது, பின்னால் வருகிற பஸ்காரர் கண்ணுக்கும் தெரிவீர்கள்.

மழைக்காலத்தில் உங்கள் வழிக்கென்றே ஒரு கண்டம் உண்டு, இந்திரா காந்தி சிலைச் சந்திப்பு. நல்ல மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும் என்பது ஊரறிந்தது. சக்கரத்தின் நடுக்குடம் மூழ்கும் அளவு தண்ணீரில் ஓட்டாதீர்கள், இறங்கித் தள்ளினாலும் குடத்துக்குள் தண்ணீர் போகத்தான் போகும். போய்விட்டால் அன்றே அல்லது மறுநாளே குடத்தைப் பிரித்து, பால்ரஸைத் துடைத்து, புதுக் கிரீஸ் வைக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது மணல் அரைக்கிற மாதிரி சத்தம் கேட்கும், அப்போது பால்ரஸ் உருளும் கோன் போய்விட்டது என்று அர்த்தம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழை போன்ற நாட்களில் தூரக் கணக்கே பேச வேண்டாம், வண்டியை வீட்டில் மேடான இடத்தில் ஏற்றி வையுங்கள்.

ஈரத்தில் இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்காது. நிற்க வேண்டிய இடத்துக்கு நன்றாக முன்பே லேசாகப் பிடித்து விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். முதல் பிடி தண்ணீரைத் துடைக்கும், இரண்டாவது பிடிதான் நிறுத்தும். ஐப்பசி, கார்த்திகையில் மாலை 5.40 வாக்கிலேயே சூரியன் அடங்கிவிடும். பின்விளக்கு ஒன்று அவசியம், சிவப்புப் பிரதிபலிப்பான் மட்டும் போதாது. எதிர்வண்டி விளக்கில் கண் கூசியிருக்கும் ஓட்டுநருக்கு அது தெரியாது.

வியர்வைக்கு ஒரே வைத்தியம், பையை முதுகிலிருந்து எடுத்துக் கேரியரில் கட்டுவது. முதுகு காற்று வாங்கினால் சட்டை பாதி காய்ந்தே போய்ச் சேரும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக மிதியுங்கள். மாற்றுச் சட்டையும் துண்டும் வேலையிடத்தில் இருக்கட்டும். கத்திரி வெயிலில் கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், வழிக்கு அரை லிட்டர், போய்ச் சேர்ந்ததும் உப்புப் போட்ட மோர். மதியம் 12 முதல் 3 வரை ஷிப்ட் முடிந்தால் அந்த வெயிலில் 9 கி.மீ. ஓட்டாதீர்கள், காத்திருந்து கடல்காற்று வந்தபின் கிளம்புங்கள். எதிர்க்காற்றுதான், ஆனாலும் குளிர்ந்த காற்று.

தொடங்கும்போது தினமும் போகாதீர்கள். முதல் இரண்டு வாரம் செவ்வாய், வெள்ளி மட்டும். மூன்றாம் வாரம் மூன்று நாள். ஒரு மாதத்துக்குள் வாரத்துக்கு ஐந்து நாளுக்கு வரலாம். உட்காரும் எலும்பு வலி முதல் பத்து நாளில் தானே அடங்கும். உள்ளங்கை மரத்துப் போவது தானாக அடங்காது, ஹேண்டில் பார் தாழ்ந்திருக்கிறது என்று பொருள், உயர்த்திவிடுங்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் சைக்கிளில் வரலாமா என்றும் ஒருவர் இதே கேள்வியின் கீழ் கேட்டிருக்கிறார். சுமார் 22 கி.மீ., ஒன்றரை மணி. பலமுள்ளவர்களால் முடியும், ஆனாலும் தினசரிக்கு நான் சொல்ல மாட்டேன். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று வழி நெடுக வேகமான பஸ் ஓடும் சாலை, சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் பாலங்களில் ஒதுங்க இடம் குறைவு. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிள், ஸ்டாண்டில் பூட்டிவிட்டு மீதிக்குப் பஸ் என்பது நல்ல ஏற்பாடு. சங்கிலியைச் சக்கரத்தோடு பாடியையும் சேர்த்துச் சுற்றிப் பூட்டுங்கள். 12 முதல் 18 கி.மீ. உள்ளவர்கள் பேட்டரி சைக்கிளைப் பார்க்கலாம். மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் உட்பட்டிருந்தால் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. 36 வோல்ட், 7.8 ஆம்பியர் மணி பேட்டரி, கூடவே மிதித்தால் சுமார் 30 கி.மீ. கொடுக்கும். எதிர்க்காற்றில் குறையும், ஆகவே வேலையிடத்தில் சார்ஜ் போட இடம் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உங்களுக்கு அது தேவைப்படாது. இந்த வாரம் 22 பல் பிரீவீல், சீட்டு உயரம், இரண்டு காட்டர் பின். அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பி, எத்தனை நிமிஷம் ஆனது என்று குறித்து வையுங்கள். மாலையில் திரும்பும்போதும் குறியுங்கள். மாலைக் கணக்கு 50 நிமிஷத்துக்குள் வந்தால் தாராளமாகத் தொடருங்கள்.