அதிகம் பேசப்படாத, ஆனால் நீங்கள் விடாமல் கேட்கும் வெளிநாட்டுப் பாடகர் யார்?

ராட்கா டோனெஃப். நார்வே நாட்டு ஜாஸ் பாடகி. 1952-ல் ஆஸ்லோவில் பிறந்தவர். அம்மா நார்வேக்காரர், அப்பா பல்கேரியாவிலிருந்து வந்தவர். அப்பா தன் ஊர் நாட்டுப்பாடல்களைப் பாடக்கூடியவர். ராட்கா முப்பது வயதில் போய்விட்டார். அவர் இருக்கும்போது அவர் பெயரில் வெளிவந்தவை மூன்றே மூன்று ஆல்பங்கள்.

நான் முதலில் கேட்டது மூன்றாவது ஆல்பமான 'ஃபேரிடேல்ஸ்'. 1982 பிப்ரவரியில், ஆஸ்லோவை ஒட்டியுள்ள ஹெனி ஒன்ஸ்டாட் கலை மையத்தில் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. அவர் குரலும் ஸ்டீவ் டோப்ரோகோஸ் என்ற அமெரிக்கரின் பியானோவும் மட்டும். முதல் பாட்டு ஜிம்மி வெப் எழுதிய, நிலவைப் பற்றிய பாட்டு. வேறு பலரும் பாடியதுதான். ஆனால் ராட்கா குரலை உயர்த்துவதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசும் அளவுக்குத்தான் பாடுகிறார். வரி முடியும் இடத்தில் சுரத்தை ஆட்டி நீட்டாமல் நேராகப் பிடித்து, மெல்ல விட்டுவிடுகிறார். அடுத்த வரிக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. ஹெட்போனில் கேட்டால் அது தெளிவாக விழும். பியானோவும் அந்த மூச்சுக்காகக் காத்திருக்கும். அன்று இரவு அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், அடுத்த பாட்டுக்குப் போக மனம் வரவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ராட்கா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இது தெரிந்ததும் எனக்குக் கேட்கும் விதமே மாறிவிட்டது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு எமிலி டிக்கின்சனின் கவிதை, தன் மீதான தீர்ப்பைத் தானே நிதானமாகப் படித்துப் பார்ப்பது போன்றது. 'பார், முன்கூட்டியே சொல்லிவிட்டார்' என்று நானும் நினைத்தேன். அது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். கவிதைகளைப் பாடுவது அவருக்குப் புதிதே இல்லை. 1977-ல் வந்த முதல் ஆல்பத்தின் தலைப்பே நிக்கி ஜியோவான்னியின் கவிதைத் தலைப்புதான். அந்த ஆல்பத்துக்கு நார்வேயின் பெரிய இசை விருதான ஸ்பெல்லெமான் விருதும் கிடைத்தது. ஆஸ்லோவில் முறையாக இசை படித்தவர். ஜாஸ்-ராக் குழுவில் பாடியவர். 1975-லிருந்து சில வருஷம் தன் பெயரிலேயே ஐந்து பேர் குழு நடத்தியவர், அதில் பேஸ் வாசித்தவர் ஆரில்ட் ஆண்டர்சன். எந்தப் பாட்டு, யாருடைய வரிகள், எவ்வளவு சத்தம் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கலைஞரை அவருடைய கடைசி நாளை வைத்து மட்டும் கேட்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம், நார்வே அவரை மறக்கவே இல்லை. அப்போது சுமார் நாற்பது லட்சம் பேரே இருந்த அந்த நாட்டில் 'ஃபேரிடேல்ஸ்' ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2011-ல் 'மோர்கன்பிளாடெட்' பத்திரிகை இசைக்கலைஞர்களிடமே கேட்டபோது, நார்வேயின் எக்காலத்துக்கும் சிறந்த ஆல்பம் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கூடவே பாடுபவர்களும் வாசிப்பவர்களும் கொடுத்த மதிப்பு என்பதால் எனக்கு விற்பனைக் கணக்கை விட இது பெரிது. அவர் பெயரில் 1993-லிருந்து ஒரு நினைவு விருதும் கொடுக்கிறார்கள். முதலில் பெற்றவர் சிட்ஸெல் எண்ட்ரெசன். வார்த்தையை உடைத்து வெறும் ஒலியாக்கிப் பாடும் அளவுக்குத் தனி வழியில் போனவர். ராட்காவைப் போலவே பாடுகிறவரைத் தேடிக் கொடுக்காமல் இப்படி ஒருவருக்குக் கொடுத்தார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சரி, எங்கே தொடங்குவது? 'ஃபேரிடேல்ஸ்' முதல் பாட்டை விளக்கணைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு 1981-ல் ஹாம்பர்க் மேடையில் பதிவாகி, அவர் இறந்து பத்து வருஷம் கழித்து வெளிவந்த கச்சேரியைக் கேளுங்கள். அங்கே பேஸும் டிரம்ஸும் கூட உண்டு. அதே பியானோக்காரரும் இருக்கிறார். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் குரல் தனியாகத் தெரியும்.