கிளச் கேள்வி பதில்: கியர்பொக்ஸைக் கடைசியில் இறக்குங்கள்

திருகோணமலைப் பக்கம் மனுவல் கியர் ஓட்டுகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் எல்லோரும் பழையதையே ஓட்டினோம். கிளச் கேள்விகள் இப்படிக் குவிந்ததில் அதிசயம் இல்லை.

நிலாவெளி, ஓல்ட்டோ கார்: கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது எஞ்சின் இரைகிறது, கார் இழுக்கவில்லை. சமதரையில் ஓடுகிறது. கராஜில் பார்த்த உடனே "பிளேட் முடிந்தது, கியர்பொக்ஸ் இறக்க வேண்டும்" என்கிறார்கள். இறக்கலாமா பாஸ்?

பொறுங்கள். கிளச் வழுக்குகிறது, அதாவது எஞ்சினின் சுற்று முழுதாகச் சக்கரத்துக்குப் போகவில்லை, அதில் சந்தேகமில்லை. ஏன் வழுக்குகிறது என்பதுதான் கேள்வி. உங்கள் கார் கேபிள் கிளச். பெடலைக் கையால் மெதுவாக அமத்திப் பாருங்கள். முதல் 2 சென்ரிமீற்றர் அளவு இலேசாகப் போய், அதன் பிறகுதான் பாரம் தெரிய வேண்டும். தொட்டவுடனே பாரமாக இருந்தால் யாரோ கேபிளை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். கிளச் பிளேட்டை பிளைவீலோடு, அதாவது எஞ்சினோடு சுற்றுகிற சக்கரத்தோடு, சேர்த்து அழுத்துவது பிரஷர் பிளேட்; பெடலை மிதித்தால் அதை விடுவிப்பது ரிலீஸ் பெயரிங். கேபிள் இறுகினால் நீங்கள் காலை எடுத்தாலும் ரிலீஸ் பெயரிங் பிரஷர் பிளேட்டை அமத்திக்கொண்டே இருக்கும், பிளேட் முழுப் பிடி பிடிக்காது. கியர்பொக்ஸ் பக்கம் கேபிள் முடிகிற இடத்தில் உள்ள நட்டைத் தளர்த்தினால் சில கார் அன்றைக்கே சரியாகிவிடும். சாவி ஒன்று போதும்.

தளர்த்தியும் வழுக்கினால் சோதனை இதுதான். ஆள் நடமாட்டம் இல்லாத நேர் வீதியில் நான்காம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டு அக்சிலேட்டரை நன்றாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் முதலில் ஏறி, வேகம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தால் பிளேட்டோ பிரஷர் பிளேட்டோ போய்விட்டது, அல்லது எஞ்சினின் பின் ஒயில் சீல் கசிந்து, பிளேட்டில் பிடிக்கிற மேல்படையான லைனிங்கை நனைத்துவிட்டது. அப்போது இறக்கலாம். சீல் கசிந்திருந்தால் அதை மாற்றாமல் புதுப் பிளேட் போடுவது காசைக் கடலில் போடுவது.

சீனன்குடா, டொல்பின் வான்: காலையில் கியர் விழுவதில்லை. பெடலை மூன்று நான்கு தரம் குத்தினால் விழுகிறது. பிளேட்டா?

பிளேட் இல்லை. குத்தினால் சரியாகிறது என்றாலே ஒயில் பக்கம்தான். உங்கள் வானில் கேபிளுக்குப் பதில் ஒயில்: பெடல் பக்கம் அதைத் தள்ளுகிற மாஸ்டர் பம்ப் ஒன்று, கீழே கியர்பொக்ஸ் பக்கம் அதை வாங்கிக் கிளச்சைத் தள்ளுகிற சிலேவ் சிலிண்டர் ஒன்று. ஒரு டோர்ச் எடுத்துக்கொண்டு சாரதி கால் வைக்கிற இடத்தில் தலையை விடுங்கள். பெடலிலிருந்து சுவருக்குள் போகிற கம்பியின் அடியைப் பழைய வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி நனைந்தால் மாஸ்டர் கசிகிறது. அங்கே காய்ந்திருந்தால் கீழே போய் சிலேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விரலால் விலக்குங்கள். உள்ளேயிருந்து ஒயில் வடிந்தால் குற்றவாளி அதுதான். இரண்டும் காய்ந்திருந்து, பெடலை மிதித்துப் பிடிக்கும்போது மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டருக்கு உள்ளே இருக்கிற சீல் போயிருக்கிறது. வெளியில் ஒரு சொட்டும் தெரியாது.

கசிகிறதை மாற்றிய பிறகு ஒயிலுக்குள் உள்ள காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சிலேவில் உள்ள காற்று விடுகிற நிப்பிளைத் திறந்து, பெடல் மேலே வருமுன் இறுக்க வேண்டும். குமிழி நிற்கும் வரை இதுவே. நடுவில் மாஸ்டருக்கு ஒயில் கொடுக்கிற போத்தலில் ஒயில் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: அந்தப் போத்தலுக்குள் பிரேக் ஒயில் மட்டும். மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள். எஞ்சின் ஒயில், பவர் ஸ்டியரிங் ஒயில் பட்டால் சீல் ஊதிப்போகும். பல வாகனங்களில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் போத்தல் ஒன்றே. கிளச்சோடு பிரேக்கும் போகும்.

உப்புவெளி, ஓட்டப் பழகுகிறவர்: அண்ணா, அரைக் கிளச்சில் விட்டால் பிளேட் கருகும் என்று இவர் ஒவ்வொரு நாளும் ஏசுகிறார். உண்மையா?

தங்கச்சி, அரைக் கிளச், அதாவது பெடல் பாதி மேலே வந்து பிளேட் பாதி பிடிப்பது, இல்லாமல் கார் நகராது. புறப்படும்போது இரண்டு மூன்று செக்கன் அப்படி இருப்பது அதன் வேலை. கெடுப்பது வேறு: ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் கிளச்சிலேயே காரைத் தாங்கி நிற்பது, ஓடும்போது பெடலில் கால் வைத்துக்கொண்டே இருப்பது. உங்களை ஏசுகிறவரின் இடது கால் எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒருவர்: கார் கடற்கரையோர வீட்டில் பல மாதம் நின்றது. இப்போது எஞ்சின் ஓடும்போது எந்தக் கியரும் விழவில்லை, நிறுத்தினால் விழுகிறது.

பெடல் வழமையான பாரத்தோடு இருந்தால் பிளேட் துருவில் பிளைவீலோடு ஒட்டியிருக்கும். உப்புக் காற்றில் நிற்கிற வாகனத்துக்கு இது வழமை. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். ஆள், மாடு, மதில் எதுவும் முன்னால் இல்லாத வெளியில் இரண்டாம் கியர் போட்டு, பெடலை முழுக்க மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ணுங்கள். கார் உடனே நகரும், தயாராக இருங்கள். மெதுவாக ஓட்டி, பெடலை விடாமல் அக்சிலேட்டரைக் கொடுத்துக் கொடுத்து எடுங்கள். டக் என்று விடுபடும். விடுபடாவிட்டால் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். சக்கரத்தை ஜக்கில் தூக்கி வைத்து இதைச் செய்யச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மட்டிக்கழி: சத்தம் வருகிறது.

எப்போது? பெடலை மிதித்தால் வந்தால் ரிலீஸ் பெயரிங். நியூட்ரலில் காலை எடுத்தால் வந்து, மிதித்தால் நின்றால் கியர்பொக்ஸின் முன் பெயரிங்.

கிண்ணியா, லொறி உரிமையாளர்: புது செட் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. பழைய பிளேட்டுக்குப் புது லைனிங் அடித்துத் தருகிறார்கள். வாப்பா காலத்தில் எல்லோரும் இதைத்தானே செய்தார்கள்?

நானா, காருக்கு என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். லைனிங் மட்டும்தான் புதிது. நடுவில் உள்ள ஸ்பிரிங், இரண்டு லைனிங்குக்கும் இடையில் உள்ள வளைந்த தகடு, கியர்பொக்ஸ் தண்டில் ஏறுகிற நடுப் பல் எல்லாம் பழசு. தகடு தட்டையாகிப் போனால் கார் புறப்படும்போது குலுங்கும்.

தம்பலகாமம், உழவு இயந்திரம் திருத்துகிறவர்: நீங்கள் புதுச் சாமான் விற்கிறவர்களின் பக்கம் பேசுகிறீர்கள். நாங்கள் காலம் காலமாக லைனிங் அடித்துத்தான் வயல் உழுகிறோம். ஒன்றும் பறக்கவில்லை.

ஐயா, நான் சாமான் விற்பதில்லை. உங்கள் இயந்திரம் நிமிடத்துக்கு 2000 சுற்றுப் பக்கம் ஓடுகிறது. பெற்றோல் கார் 5000ஐத் தாண்டும். சுற்று இரண்டு மடங்கானால் லைனிங்கை வெளியே இழுக்கிற விசை நான்கு மடங்கு. வயலில் நிற்கிற லைனிங் ஹபரணை வீதியில் பிய்ந்து, துண்டு நடுவில் சிக்கினால் கிளச் விடுபடாது.

கிண்ணியா, மறுபடி: அப்போ லொறிக்கு அடிக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

ஒத்துக்கொள்கிறேன். ஒட்டினால் போதாது, ரிவெற் அடித்திருக்க வேண்டும். ஸ்பிரிங் ஆடக்கூடாது, நடுப் பல் தேய்ந்திருக்கக்கூடாது. பிளைவீலை லேத்தில் பார்த்திருக்க வேண்டும். இதைக் காட்டி மருமகனின் காருக்கும் அடித்துவிடாதீர்கள்.

லிங்கநகர்: இரண்டும் வேண்டாம், ஜப்பான் பாவித்த பிளேட்?

கையில் எடுத்துப் பார்த்து வாங்கினால் பரவாயில்லை. ரிவெற்றின் தலைக்கும் லைனிங் மேற்பரப்புக்கும் உள்ள ஆழத்தை அளந்து பாருங்கள். டொயோட்டா கைநூல்களில் 0.3 மில்லிமீற்றர்தான் கடைசி எல்லை. அதற்குக் கிட்ட இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஒயில் மணத்தாலும் அப்படியே. இந்த வாக்குவாதம் இதோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

குச்சவெளி: கடற்கரை மணலில் புதைந்து, எடுக்கப் போய்க் கருகிய மணம் வந்தது. இப்போது மணம் இல்லை. பிளேட் போய்விட்டதா?

ஆறவிட்டு முதல் பதிலில் உள்ள வீதிச் சோதனையைச் செய்யுங்கள். வழுக்காவிட்டால் தப்பியது. அடுத்த முறை ரயர்க் காற்றைக் குறைத்து, சக்கரத்தின் முன் மணலைத் தோண்டிப் பலகை வையுங்கள்.

அன்புவழிபுரம்: ஏற்றத்தில் இழுக்கவில்லை, என்ன செய்ய?

முதல் பதில்.

மூதூர்: கியர் விழக் கஷ்டம், பெடல் குத்தினால் சரி.

இரண்டாம் பதில். மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஆறாம் கட்டை: மொத்தம் எவ்வளவு முடியும்?

வாகனம் என்னவென்று கூடச் சொல்லவில்லை தம்பி.

கந்தளாய்: ஓட்டோ கியர் உதறுகிறது.

அது தெரிந்தவரிடம் போங்கள்.

தம்பலகாமம், மறுபடி: கழற்றியதும் உள்ளே தூசியைக் கொம்பிரசரால் ஊதிவிடலாமா? நாங்கள் ஊதுவோம்.

ஊதாதீர்கள் ஐயா. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. ஈரத் துணியால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள். பக்கத்தில் நிற்கிற பொடியனுக்கும் ஒன்று கொடுங்கள்.

உட்துறைமுக வீதி: புதுக் கிளச் போட்டு ஒரு கிழமை. புறப்படும்போது முழுக் காரும் நடுங்குகிறது. திரும்பக் கழற்றச் சொல்லவா?

கழற்றுமுன் எஞ்சின் மவுண்டைப் பாருங்கள். கைப்பிரேக்கோடு பிரேக்கையும் மிதித்துக்கொண்டு ஒருவர் முதலாம் கியரில் கிளச்சைக் கொஞ்சம் விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பொனட்டைத் திறந்து பாருங்கள், காருக்கு முன்னால் நிற்காதீர்கள். எஞ்சின் எழும்பிக் குதித்தால் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது. மவுண்ட் நல்லதென்றால், நடுப் பல்லுக்குக் கிறீஸ் அள்ளிப் பூசினார்களா என்று கேளுங்கள். மெல்லிய பூச்சு போதும். கூடினால் சுற்றும்போது லைனிங்கில் தெறிக்கும். பூசியிருந்தால் அவர்களே தங்கள் செலவில் கழற்றட்டும்.