தூண் ஏற்றிய களிமண் சுட்டதும் படுத்துவிடுவது ஏன்?

கேள்வி: பென்டோனைட் களிமண்ணின் அடுக்குகளைத் தாங்கிப் பிரித்துவைக்க, நடுவே அலுமினியத் தூண் ஏற்றி 500 செல்சியஸில் சுட்டேன். எக்ஸ்-கதிர் படத்தில் 5 டிகிரி அருகே வர வேண்டிய உச்சம் 9 டிகிரியில் இருக்கிறது. அமிலத்தன்மையைச் சோதிக்க ஓட்டிய, கியூமீன் என்ற ஹைட்ரோகார்பன் உடையும் வினையும் மந்தம். தவறு எங்கே?

பதில்: தாமிரக் கதிரில் 9 டிகிரி என்றால் அடுக்குகளுக்கு நடுவே எதுவும் இல்லை. ஓர் அடுக்கின் தடிமனே 0.96 நானோமீட்டர், தூண் நின்றிருந்தால் அந்தத் தடிமனும் சேர்த்து இடைவெளி 1.8 நானோமீட்டர் வந்திருக்கும். ஃபர்னஸைச் சந்தேகிக்கும் முன், சுடாத தூளைப் படமெடுங்கள். அதிலேயே 5 டிகிரி உச்சம் இல்லையென்றால் தூண் உள்ளே போகவே இல்லை.

தூணாக உள்ளே போவது 13 அலுமினிய அணுக்கள் கொண்ட, 7 நேர்மின்சுமையுள்ள, கெக்கின் அயனி எனப்படும் பெரிய அயனி. 5 கிராம் மண்ணுக்கு 0.2 மோலார் அலுமினியம் குளோரைடு 250 மில்லி எடுத்து, 60 செல்சியஸில் கலக்கியபடி 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 240 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சொட்டு விழுந்த இடம் வெண்மையாகத் திரளும். அது கரைந்து தெளிந்த பிறகே அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் ஹைட்ராக்சைடு கூழாகத் தங்கிவிடும். கூழ் அடுக்குக்குள் நுழையாது. இந்தக் கரைசலை ஓரிரவு வைத்திருந்து, நீரில் 1 சதவீதமாகக் கலக்கிய மண்ணில் மெதுவாகச் சேர்க்கவும். மண் கால்சியம் வகையானால் அதற்கு முன்பே 1 மோலார் சோடியம் குளோரைடில் மூன்று முறை ஊறவைத்துச் சோடியம் வகையாக்குங்கள். கால்சியம் மண் சரியாக விரியாது.

பலர் கோட்டைவிடுவது கழுவலில். உப்பு மிஞ்சியிருக்கும்வரை தூண்கள் ஒழுங்காக அமராது. கழுவிய நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு, வெண்மை துளியும் தெரியாமல் போகும்வரை கழுவுங்கள். சுடும்போது நிமிடத்துக்கு 1 அல்லது 2 செல்சியஸ் மட்டுமே ஏற்றவும்.

உச்சம் சரியாக வந்தும் வினை மந்தமானால் விளைபொருளைப் பாருங்கள். பென்சீனும் புரொப்பீனும் வந்தால் புரோட்டான் தரும் அமில மையம் வேலை செய்கிறது. ஆல்ஃபா மெத்தில்ஸ்டைரீன் மிகுந்தால் தூணிலுள்ள அலுமினியத்தின் லூயி அமிலமே, அதாவது எலக்ட்ரான் இணையை ஏற்கும் மையமே, மிஞ்சியிருக்கிறது; அதிகம் சுட்டதில் புரோட்டான்கள் போய்விட்டன. மண்ணிலுள்ள இரும்பையும் கவனியுங்கள், அது கரிப்படிவைக் கூட்டும்.

படிந்த கரியை எரிக்கையில் காற்றை நைட்ரஜனில் நீர்த்து, 500 செல்சியஸைத் தாண்டாமல் ஓட்டுங்கள். எரிவதில் வெப்பமும் நீராவியும் சேர்ந்தே வரும். 700 செல்சியஸ் நீராவியில் இந்தத் தூண்கள் சரிந்துவிடும். எண்ணெய் ஆலைகளில் ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் வினையூக்கியாக நிலைத்துவிட்டதற்கு, நீராவியைத் தாங்கும் அதன் திறனும் ஒரு காரணம்.