மினுங்கலும் மினுக்கலும்: கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிலையில்லாமல் ஆடும் வெளிச்சத்துக்குத் தமிழில் என்ன சொல் என்று ஒருவர் ஆரம்பித்து வைத்தார். பிறகு கேள்விகள் நிற்கவில்லை.

கஞ்சிக்கோடு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்ப்பவர்: ரிப்போர்ட்டில் 'ட்யூப்லைட் பிளிக்கர் ஆகிறது' என்றுதான் எழுதறோம். ஒரே சொல்லாத் தமிழ் கொடுங்க சார்.

ஒரே சொல் இல்லை தம்பி. அதுவும் நல்லதுக்குத்தான். 'எது ஆடுது?' என்று தமிழ் முதலில் கேட்கும். சுடர் அலையும், காற்றில் படபடக்கும், எண்ணெய் வற்றினால் மினுக் மினுக்கென்று எரியும். நட்சத்திரம் கண் சிமிட்டும். ட்யூப்லைட்டுக்கு 'விட்டுவிட்டு எரியுது' போதும். எலக்ட்ரீஷியன் படித்ததும் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்ப்பார். 'ஒளிநடுக்கம்' என்று நான் ஒன்றைச் செய்து கொடுத்தால், அதற்கு விளக்கம் சொல்லவும் நானே வர வேண்டியிருக்கும்.

வேலந்தாவளம் மாணவி: மினுங்கு, மினுக்கு, எதுங்க சார் சரி?

இரண்டும் சரிதான் கண்ணு. அடங்கு–அடக்கு, மடங்கு–மடக்கு மாதிரிதான் இதுவும். தானாக ஒளிவிட்டால் மினுங்குவது. பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்தால் மினுக்குவது. பேச்சில் இந்த வரப்பை யாரும் பார்ப்பதில்லை, நட்சத்திரமும் 'மினுக்கும்'.

'மினுக்கிக்கிட்டுத் திரியறா' என்ற ஏச்சும் இதிலிருந்து வந்ததுதான். அகராதியில் மினுக்கனும் உண்டு, ஆனால் தெருவில் காதில் விழுவது மினுக்கி மட்டும். சொல் என்ன பண்ணும், பாவம்! மலையாளத்தில் அதற்கு மரியாதை அதிகம். கதகளியில் பெண் பாத்திரங்களுக்கும் முனிவர்களுக்கும் போடும் ஒப்பனைக்குப் பெயரே 'மினுக்கு'. நாயகர்களின் பச்சை, வில்லன்களின் கத்தி வேஷங்களில் வரும் அடர்ந்த வண்ணம் அதில் இருக்காது, முகம் மெல்ல மின்னும்.

நெம்மாராவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்: பக்கத்து வீட்டுச் சேச்சி தாலியை 'மின்னு' என்கிறார். மின்னலுக்கும் அதுக்கும் சம்பந்தமுண்டா?

உண்டும்மா. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் கட்டும் சின்னத் தங்கத் தாலி அது. அதைக் கட்டும் சடங்கு 'மின்னுகெட்டு'. மின்னல், மின்சாரம், மின்மினி, மின்மினிக்கு மலையாளத்தில் சொல்லும் மின்னாமினுங்கு எல்லாம் ஒரே வேர். விண்மீனில் வரும் மீனையும் இந்த வேரோடு சேர்ப்பார்கள். விண்மீன் வரையச் சொன்னால் செதிலோடு கெண்டையை வரைந்து வைத்த பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். முழு மார்க் போட்டேன்.

பொள்ளாச்சிக்காரர்: பாட்டி மின்னட்டாம்பூச்சி என்பார். டாப்ஸ்லிப் பக்கம் காடே சேர்ந்து மினுங்குமாமே?

ஆமாம். ஆனைமலை புலிகள் காப்பகத்தில் உலாந்தி வனச்சரகம். 2022 கோடையில் அங்கே மின்மினிகள் ஒருசேர ஒளிவிடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆண் பூச்சி பெண்ணுக்கு அனுப்பும் சைகை அது.

எருத்தேம்பதி, எட்டாம் வகுப்பு: வியாழன் ஏன் சார் கண் சிமிட்டறதில்ல?

பலே! சங்கப் பாட்டிலேயே நட்சத்திரமாகிய நாள்மீன் வேறு, கோளாகிய கோள்மீன் வேறு. நட்சத்திரம் ரொம்பத் தூரம் என்பதால் வெறும் புள்ளி. சூடும் குளிருமாகக் கலங்கும் காற்றில் அந்த ஒளி வளைந்து வளைந்து வருகிறது. கோள் சின்னத் தட்டு. ஒரு ஓரம் மங்கினால் இன்னொரு ஓரம் ஈடுகட்டிவிடும்.

மீனாட்சிபுரம் பாட்டி: கார்த்திகைக்கு வெச்ச அகல் ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது வாத்தியாரே.

உங்க எண்ணெய் மேல் குற்றமில்லைங்க அம்மா. நம் கார்த்திகைதான் மலையாளத்து விருச்சிகம். அந்த மாதத்தில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே சீறி வரும் கிழக்குக் காற்றுக்கு இங்கே 'விருச்சிகக் காற்று' என்றே பெயர். எங்கம்மா ஒவ்வொரு அகலுக்கும் கிழக்கே ஒரு உடைந்த ஓட்டைச் சாய்த்து வைப்பார். காற்று வந்தால் சுடர் படுத்து, நீலமாகச் சுருங்கி, திரியின் ஓரத்தைக் கவ்விக்கொள்ளும். காற்று ஓய்ந்ததும் மஞ்சளாக எழும். 'ம், நின்னு எரியுது' என்பார். பொரிந்தால் திரியில் ஈரம் என்று அர்த்தம், மாற்றிப் போடுங்கள். அதையும் மீறிப் போனால் 'அணைஞ்சிருச்சு' என்று சொல்ல விடமாட்டார், 'குளுந்திருச்சு' என்றுதான் சொல்ல வேண்டும்.