பல்லுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டு

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் பழைய நீளத் துப்பாக்கிகளை 18-ஆம் நூற்றாண்டுக் கருவிகளாலேயே இன்றும் செய்கிறவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். அந்தக் குழலை ஒரே நாளில் துளைத்து, உள்ளே பள்ளமும் போட்டுக் கொடுத்துவிடுவேன். நூற்றுக்கணக்கான மணி நேரம் அரத்தோடு மல்லுக்கட்டுவது எதற்கு? கையால் போட்ட பள்ளம் துல்லியமாகத்தான் இருக்குமா?

ர., கோவை

அன்புள்ள ர.,

லேத்தில் ஒரு நாளில் முடியும், சரிதான். துல்லியத்திலிருந்து தொடங்குகிறேன். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அமெரிக்காவின் விர்ஜீனியாவில், 18-ஆம் நூற்றாண்டு வாழ்க்கையை அப்படியே காட்டும் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியக நகரத்தின் துப்பாக்கிப் பட்டறையில் நின்று பார்த்த அன்றுதான் தீர்ந்தது.

நீளமான மர உருளை ஒன்று. அதன்மேல் கொடி சுற்றியதுபோலக் காடிகள். உருளையை இழுத்தால் காடியின் போக்கில் அதுவே திரும்பும். 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கமான கணக்கு. உருளையின் நுனியில் ஒரு கம்பி, கம்பியில் பதித்த சின்னஞ்சிறு ரம்பப் பல். குழலுக்குள் விட்டு இழுக்கிறார்கள், தள்ளுகிறார்கள். ஒரு பள்ளம் முடிந்தால் அடுத்தது. பெரும்பாலும் ஏழு பள்ளங்கள். ஏழும் ஒரு முறை முடிந்ததும் பல்லை எடுத்து, அதன் அடியில் ஒரு காகிதத் துண்டை வைக்கிறார்கள். காகிதத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் பல் எழும்பும். மறுபடி ஏழு பள்ளம், மறுபடி ஒரு காகிதம். சாதாரணக் காகிதத்தை உங்கள் மைக்ரோமீட்டரில் வைத்துப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அந்த அளவைக் கருவி கைக்கு வராத காலத்தில் அவர்கள் காகிதத்தை வைத்து வேலையை முடித்திருக்கிறார்கள். எண்ணெய் தடவிய துணியில் ஈயக் குண்டைச் சுற்றி இறக்கினால் துணி பள்ளத்தைக் கவ்விக்கொண்டு குண்டைச் சுழற்றும்; சுழலும் குண்டு வழி விலகாமல் போகும். தேர்ந்த கையில் 200 கஜம் வரைக்கும் குறி தப்பாது.

குழல் செய்வது இதைவிடக் கடினம். பட்டையான தேனிரும்பை ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, வெங்காரம் தூவி, சில அங்குலம் சில அங்குலமாக உலையில் பற்றவைக்க வேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது, மிஞ்சினால் இரும்பே எரிந்துபோகும். இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதை எழுதிவைத்துச் சொல்லிக்கொடுக்க வழியில்லை. 1960களில் வாலஸ் கஸ்லர் என்ற துப்பாக்கிக் கொல்லர் வில்லியம்ஸ்பர்க் பட்டறையில் இதையெல்லாம் மறுபடி செய்து பார்த்தபோது பழைய துப்பாக்கிகளையும் கருவிகளையும் கூர்ந்து பார்த்துத்தான் வழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ‘எதற்கு’ என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். கை மறந்துவிட்டால் அருங்காட்சியகத்தில் பொருள் இருந்தும் அது எப்படி உண்டானது என்று சொல்ல ஆள் இருக்காது.

என் கட்டுரையில் ஒரு குறை இருக்கிறது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் குடியேறி இந்தத் துப்பாக்கிகளைச் செய்த ஜெர்மானியக் கொல்லர்களின் காலத்திலேயே எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்யவில்லை. தீக்கல்லை அடித்து மருந்தைப் பற்றவைக்கும் விசைப் பொறியைப் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்ததாக வாங்கினார்கள். குழலை மட்டும் செய்து விற்கும் ஆலைகளும் இருந்தன. அதைச் சொல்லாமல் விட்டது தவறு.

அப்புறம், தொழில் தெரிந்த உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பல வருடம் சுட்டுத் தேய்ந்த குழலை அவர்கள் தூக்கிப் போடவில்லை. ஒரு கம்பியைக் குழலுக்குள் விட்டு, அதைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். குழலின் தேய்ந்த பள்ளங்கள் ஈயத்தில் அச்சாக விழும். அந்த ஈயத்தில் பல்லைப் பதித்து இழுத்தால் அது பழைய பள்ளத்தின் வழியிலேயே போய் ஆழமாக்கும். துளை கொஞ்சம் பெரிதாகிவிடும், அதனால் குண்டு வார்க்கப் புது அச்சும் கூடவே செய்து கொடுப்பார்கள். ஒவ்வொரு குழலின் சுற்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்போது, லேத்தில் அந்தப் பழைய வழியை எப்படிப் பிடிப்பீர்கள்? எழுதுங்கள், காத்திருக்கிறேன்.