அண்டம் என்றால் முட்டையா, பிரபஞ்சமா?

இரண்டும்தான். முதலில் வந்த பொருள் முட்டை. சமஸ்கிருதத்தில் 'அண்ட' என்றால் முட்டை. பறவை, பாம்பு போல முட்டையில் பிறப்பவற்றை 'அண்டசம்' என்று பழைய நூல்கள் வகைப்படுத்துவதும் அதனால்தான். உலகம் முழுவதும் ஒரு பொன் முட்டையிலிருந்து தோன்றியது என்பது புராணக் கதை. அந்த முட்டைதான் பிரம்மாவின் அண்டம், அதாவது பிரம்மாண்டம். இன்று பிரம்மாண்டமான மேடை, பிரம்மாண்டமான வெற்றி என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்குள்ளும் ஒரு முட்டை ஒளிந்திருக்கிறது!

தமிழில் இது புதிதாக நுழைந்த சொல்லும் இல்லை. திருவாசகத்தில் 'திருவண்டப் பகுதி' என்றே ஒரு பகுதி உண்டு. 'அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்' என்று தொடங்கி, உருண்டை உருண்டையான அண்டங்கள் நூற்றொரு கோடிக்கும் மேல் விரிந்து கிடப்பதாக மாணிக்கவாசகர் பாடுகிறார். தொலைநோக்கி இல்லாத காலத்துக் கற்பனை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

'அண்டத்தில் உள்ளது பிண்டத்தில்' என்ற வழக்கில் பிண்டம் என்பது உடல். அப்புறம், 'அண்டப்புளுகு ஆகாசப்புளுகு' இருக்கவே இருக்கிறது.

அறிவியல் கட்டுரை எழுதுகிறீர்கள் என்றால் 'பேரண்டம்' என்றே எழுதுங்கள். விண்மீன் மண்டலத்தையும் சிலர் அண்டம் என்பதால், வெறும் 'அண்டம்' குழப்பும். பிரபஞ்சம் என்றாலும் சரி; அதன் வேர்ப்பொருள் 'விரிதல்'.