பெட்டி பளபளக்கிறது, கத்தி வெட்டவில்லை

மடக்குச் சவரக்கத்தி வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கத்தி, தீட்டும் கல், கத்தியை இழுத்துக் கூரைச் சீராக்கும் தோல் வார் சம்பந்தமானவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பெட்டியில் ‘சவரத்துக்குத் தயார்’ என்று அச்சிட்டிருந்தது. கன்னத்தில் வைத்தால் வெட்டாமல் முடியைப் பிடுங்குகிறது. விற்றவரைக் கேட்டால் “உங்களுக்குக் கை பழகவில்லை” என்கிறார். தப்பு என்னுடையதா?

பதில்: இல்லை. இந்தத் ‘தயார்’ விஷயத்தை நான் பேசத் தொடங்கினாலே வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். நீங்களாகக் கேட்டுவிட்டீர்கள், உட்காருங்கள்.

பட்டறையிலிருந்து வரும் புதுக் கத்திகள் பலவற்றில் இருப்பது சக்கரத்தில் இழைத்த வாய், அதாவது வெட்டும் ஓரம். காகிதத்தை வெட்டும், தாடியை வெட்டாது. தாடிக்கு ஆக வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து தீட்ட வேண்டும். முதலில் 1000 நம்பர் கல்லில், இரண்டு பக்கச் சரிவும் அடியிலிருந்து நுனிவரை ஒரே கோட்டில் சந்திக்கும் வரை. பிறகு 4000, 8000, முடிந்தால் 12000. நம்பர் கூடக் கூடக் கல் நைசாகும். கடைசியில் தோல் வார். ஒவ்வொரு கல்லும் முந்தின கல் போட்ட கீறலை அழித்தாக வேண்டும். பழகிய கைக்கே நேரம் பிடிக்கிற வேலை. அந்தக் கூலியை மிச்சம் பிடித்துக்கொண்டு அட்டையில் ஒரு வரி அச்சடித்துவிடுகிறார்கள். மை மலிவு.

ஜெர்மனியில் ‘சோலிங்கன்’ என்ற ஊர்ப் பெயரை 1938 முதல் சட்டம் காக்கிறது. அந்த வட்டாரத்தில் உருவாகாத கத்தியில் அதைப் பொறிக்கக் கூடாது. சரி, அதுவும் எங்கே செய்தது என்றுதான் சொல்லும், தீட்டியதா என்று சொல்லாது. ‘தயார்’ என்பதை மட்டும் கையில் அச்சு உள்ளவரெல்லாம் போட்டுக்கொள்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: முன்கையில் தோலைத் தொடாமல், முடியின் பாதி உயரத்தில் கத்தியை நகர்த்திப் பாருங்கள். அடி, நடு, நுனி என்று மூன்று இடத்தையும் பாருங்கள். எங்கே வெட்டவில்லை என்று எழுதி, படத்தோடு விற்றவருக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை கல்லில் வைக்காதீர்கள், வாரில்கூட இழுக்காதீர்கள். ஒரு தடவை இழுத்தீர்களானால் போதும், “நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்பதற்கு அவருக்கு வழி கிடைத்துவிடும். அடுத்த கத்தி வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். யார் தீட்டியது, கடைசியாக வைத்த கல் எது, பிடுங்கினால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா. பதில் எழுத்தில் வரட்டும்.

கேள்வி: கத்தியின் வாய் முன்னால் போக வேண்டுமா, முதுகு முன்னால் போக வேண்டுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: கல்லில் வாய் முன்னால். வாரில் முதுகு முன்னால். ஆளுக்கொன்று சொன்னவர்கள் ஆளுக்கொன்றைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: அலை அலையாகக் கோலம் போட்ட ‘டமாஸ்கஸ்’ சவரக்கத்தி மலிவாகக் கிடைத்ததால் இரண்டு வாங்கிவிட்டேன். எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்கவில்லை. எந்தக் கல் வாங்கலாம்?

பதில்: எந்தக் கல்லும் வேண்டாம். எந்த எஃகு, எப்படிப் பதம் போட்டது, அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கெட்டிப்படுத்தியது, என்று வாங்கும்போது கேட்டீர்களா? கேட்கவில்லை என்பது ‘இரண்டு’ என்ற சொல்லிலேயே தெரிகிறது. சாதாரண எஃகின் மேல் அமிலத்தால் அலை வரையலாம். உண்மையாகவே அடுக்கடுக்காக அடித்த எஃகாக இருந்தாலும், பதம் சரியில்லை என்றால் கூர் நிற்காது. ஒன்றைத் தட்டையான கண்ணாடி மேல் படுக்க வைத்துப் பாருங்கள். முதுகும் வாயும் சேர்ந்து படியாமல் ஆடினால் உடம்பே கோணல். காகித உறை பிரிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாணை பிடிக்கும் கடையில் கொடுத்தேன். சக்கரத்தில் வைத்து ஒரே நிமிடத்தில் கொடுத்துவிட்டார். வாயோரம் நீலமாக ஒரு திட்டு. தேய்த்தால் போகுமா?

பதில்: நீலத்தைத் தேய்த்து எடுக்கலாம், போன பதம் வராது. எஃகு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் அந்த நீலம் வரும். அந்த இடம் இனி மென்மை. சவரக்கத்தியின் வாய் காகிதத்தைவிட மெலிசு, சூடு ஏற ஒரு நொடி போதும். உங்களிடம் கேட்காமல் சக்கரத்தில் வைத்தவரிடம் நஷ்டஈடு கேட்பதில் தப்பே இல்லை. கொடுக்கும்போது “கல்லில் மட்டும்” என்று நீங்கள் சொல்லவில்லை என்றால் வழக்கு கொஞ்சம் நொண்டும்.

கேள்வி: புது வாரில் மூன்றாம் நாளே இரண்டு வெட்டு விழுந்துவிட்டது. தோல் மட்டம் என்று புகார் செய்தேன். பணம் தர மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: தர வேண்டியதில்லை. வெட்டியது நீங்கள். இழுப்பின் முடிவில் கத்தியை வாய்ப் பக்கமாகப் புரட்டினால் தோலுக்குள்தான் இறங்கும். முடிவில் நிறுத்துங்கள். கத்தி தோலை விட்டு எழாமல், முதுகு மேலேயே உருட்டித் திருப்புங்கள். திரும்பி முடிந்த பிறகே இழுங்கள். வாரை விறைப்பாகப் பிடியுங்கள். தொய்ந்தால் தோல் வாயைச் சுற்றி வளைந்து, கூரை மழுக்கிவிடும். துணிப் பக்கம் இருபது முப்பது, தோல் பக்கம் ஐம்பது அறுபது இழுப்பு போதும். வேகம் தானாக வரும், வராவிட்டாலும் தாடி காத்திருக்கும்.

இவ்வளவு பேசுகிறவனின் முதல் வாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் இருந்ததிலேயே அகலமானது, விலை கூடியது. ஒரு வாரத்தில் ஏழு வெட்டு. இன்னும் ஆணியில் தொங்குகிறது, எடுக்க மனசில்லை. முதல் வார் மலிவாக இருக்கட்டும்.

கேள்வி: பழைய கத்தி ஒன்றைப் படம் பார்த்து வாங்கினேன். கண்ணாடி மாதிரி மின்னியது. இரண்டு மாதத்தில், பிடிக்குள் மடங்கும் பகுதியில் மட்டும் துரு. ஈரம் படாமல்தான் வைத்திருந்தேன். மஞ்சள் நிறப் பிடி, கற்பூர வாசனை.

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. அந்தப் பிடி செல்லுலாய்டு. கற்பூரம் சேர்த்துச் செய்த பழைய பிளாஸ்டிக் அது. வயதாகி அழுக ஆரம்பித்தால் அமில ஆவி விடும், மடங்கிக் கிடக்கும் எஃகை அதுவே தின்னும். துருவைப் பாலிஷ் போட்டு மறைத்து உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். படத்தையும் விளம்பர வாசகத்தையும் பத்திரப்படுத்தி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தயங்காதீர்கள். மற்றக் கத்திகளோடு மட்டும் வைக்காதீர்கள். நான் வைத்தேன். அழகான பிடி என்று ஏமாந்து வாங்கிய ஒன்றை, நல்ல கத்திகள் இரண்டோடு ஒரே டப்பாவில் போட்டு மூடினேன். திறந்தபோது மூன்றிலும் செம்புள்ளி.

பழையது வாங்கும்போது வாயோரத்தைப் பெரிதாகக் காட்டும் படம் கேளுங்கள். முதுகிலோ வாலிலோ துருக்குழி இருந்தால் பரவாயில்லை. வாயில் இருந்தால் தீட்டத் தீட்டக் குழி வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: ஏழு கல் அடங்கிய செட் ஒன்றைக் காட்டி, இது இல்லாமல் முடியாது என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: அவருக்கு முடியாது. உங்களுக்கு முடியும். நன்றாகத் தீட்டிய கத்தி கையில் இருந்தால், தினமும் வார், மாதக்கணக்கில் கழித்து மங்கும்போது 8000 முதல் 12000 வரை ஏதாவது ஒரே ஒரு கல். முதுகும் வாயும் கல்லைத் தொட்டுப் படுத்தால் கோணம் தானே அமைந்துவிடும், கருவி எதுவும் வேண்டாம். கல்லில் அச்சிட்ட நம்பரை அப்படியே நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். இயற்கைக் கல்லுக்கு நம்பரே கிடையாது. பெல்ஜியத்தின் மஞ்சள் கோட்டிக்யூல் கல்லில் அரைக்கிற வேலை அதிலுள்ள கார்னெட் என்ற கடினக் கனிமத்தின் நுண்ணிய மணிகளுடையது. தண்ணீர் விட்டுக் கல்லைத் தேய்த்தால் எழும் குழம்போடு வைத்தால் சுறுசுறுப்பாக வெட்டும், வெறும் தண்ணீரில் மெல்ல மெருகேற்றும்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு வைரத் தகடு வாங்குங்கள். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கோடெல்லாம் மறையும் வரை தகட்டில் தேய்த்தால் கல் சமமாகும். குழிந்த கல்லில் எந்த நம்பரும் உதவாது.

கேள்வி: பச்சை பேஸ்ட்டை வாரில் தினமும் தடவலாமா?

பதில்: கூடாது. குரோமியம் ஆக்சைடு அது, மெருகேற்றும் பொடி. தனியாக ஒரு வாரில் தடவி எப்போதாவது சில இழுப்பு. தினமும் இழுத்தால் வாய் உருண்டுவிடும்.

கேள்வி: கட்டைவிரலை வாயோரம் ஓட்டிக் கூர் பார்க்கலாமா?

பதில்: பார்த்துவிட்டு எழுதுங்கள், மற்றக் கையால்.